கொத்திய மண்ணும் குறுக்கே வந்த பூனையும்

மாடித்தோட்டம் போட நினைப்பவர் கடைக்குப் போனதும் முதலில் கையில் எடுப்பது தென்னை நார்க்கழிவுக் கட்டி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பிலும் வளர்பைகளோடு அது இருந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கி எழும். கை பட்டால் பொலபொலவென்று உதிரும். இளவேர் ஓடுவதற்கு அதைவிட இதமான இடம் கிடைப்பது அரிது. இதே நார்க்கழிவை உலர்த்திச் சலித்து, வேறொரு பையில் அடைத்து, வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளிலும் விற்கிறார்கள். பூனையின் கழிவுத் தட்டில் நிரப்புவதற்கு. ஆக, நாம் ஆசை ஆசையாக மாடியில் அடுக்கிவைத்த வளர்பைகள், அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட கழிப்பறைகள். கீரை விதை தூவிய மறுநாள் காலையில் பைக்கு நடுவே ஒரு பள்ளமும் ஓரத்தில் ஒரு சின்ன மேடும் தெரிந்தால், பூனை அத்துமீறியதாக நமக்குத் தோன்றும். அதன் கணக்கு வேறு.

வீட்டுப்பூனைகள் எல்லாமே ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்ற இனத்தின் மேற்காசியக் கிளையிலிருந்து வந்தவை என்பதை, 2007-ல் கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். வறண்ட, மணல் கலந்த நிலத்தில் தனியாகத் திரிந்து சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்ற விலங்கு அது. மனிதர் தானியம் சேர்த்துவைத்த இடத்துக்கு எலி வந்தது. எலி வந்த இடத்துக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகில், அரை மீட்டர்கூட இல்லாத தூரத்தில், ஓர் இளம்பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் நாயையும் மாட்டையும் போல மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தன் தேவைக்கு வளைத்த விலங்கு அல்ல பூனை. பெரும்பாலான காலம் அது தன்போக்கில் நம் வீட்டோரம் வாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பாலைநிலத்துப் பழக்கங்கள் பல அப்படியே இருக்கின்றன. வேட்டையாடும் சின்ன விலங்கு, தானே இன்னொரு பெரிய விலங்குக்கு இரையாகவும் கூடும். ஆகவே தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் வாசனையை அது மண்ணுக்குள் மறைக்கிறது என்பதே விலங்கியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

மறைப்பதற்கு எல்லா மண்ணும் ஒத்துவராது. ஈரமில்லாமல், கட்டி தட்டாமல், முன்னங்காலால் இரண்டு முறை வாரினாலே ஒதுங்கும்படி இருக்க வேண்டும். உள்ளங்காலில் குத்தக் கூடாது. சுற்றிலும் பார்வை ஓட வேண்டும், ஆபத்து என்றால் தாவி ஓட வழியும் வேண்டும். புதிதாக விதைத்த பாத்தி இவை அத்தனைக்கும் பொருந்துகிறது. கத்தரியும் வெண்டையும் வளர்ந்து அடர்ந்து நிற்கிற தொட்டியை அதே பூனை ஏறிட்டும் பார்க்காது. எந்தத் தொட்டியில் எப்போது தோண்டுகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் இது யாருக்கும் விளங்கிவிடும்.

மண் மட்டுமல்ல, சில சமயம் மணமும் நாமே வைக்கிற விருந்து அழைப்பு. இயற்கை வழியில் தோட்டம் போடுகிறவர்கள் மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கிறார்கள். எலும்புத்தூளை மண்ணில் கலக்கிறார்கள். செடிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைப்பது உண்மைதான். நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான மூக்கு உள்ள விலங்குக்கோ அங்கே மீன் புதைந்திருக்கிறது என்று பொருள். தோண்டாமல் என்ன செய்யும்? கடலைப் புண்ணாக்கைத் தூளாகப் போட்டால் அணிலும் எலியும் பெருச்சாளியும் அதையே செய்கின்றன. மீன் அமிலத்தை நன்றாக நீர்த்து ஊற்றி மேலே ஒரு விரற்கடை மண் மூடுவதும், புண்ணாக்கை ஊறவைத்துக் கரைசலாக விடுவதும் பாதித் தொல்லையைக் குறைக்கும். தோட்டத்துக்குள் எதுவும் வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மூடியில்லாத மண்பானையில் சமையலறைக் கழிவை மக்க வைக்கிறவர்களையும் பார்க்கலாம்.

இப்படி அழைப்பு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் விரட்டல் நடக்கிறது. மூக்கு வழியாக விரட்டுவதுதான் நம் வீடுகளில் முதல் முயற்சி. ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், டிகாக்‌ஷன் இறக்கிய காப்பிச் சக்கை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்த எண்ணெய் எளிதில் ஆவியாகிறது. நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் தோல் காய்ந்து சருகாகிவிடும். காப்பிச் சக்கையிலும் அதே கதை. போதாததற்கு, அதில் மிஞ்சியிருக்கும் காஃபீன் பூனைக்கும் நாய்க்கும் நல்லதல்ல. மேல்நாட்டு நாற்றங்கால்களில் பூனை விரட்டி என்று விற்கும் கோலியஸ் கேனைனா, நம் கற்பூரவள்ளிக்கு உறவு. அதன் நாற்றம் இலை உரசினால்தான் கிளம்பும். உரசாமல் தாண்டிப் போகப் பூனைக்குத் தெரியாதா?

விரட்டுவது கடினம் என்றாலும் மயக்குவது எளிது. நம் தோட்டத்தில் களையாக முளைக்கும் குப்பைமேனிக்குச் சித்த மருத்துவ நூல்களில் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. அதை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை ஓடிவந்து வேரில் முகத்தைத் தேய்க்கும், புரளும், எச்சில் வடிக்கும். மேல்நாடுகளில் பூனைப்புதினா என்று பெயர்பெற்ற செடி செய்கிற வேலையை இங்கே குப்பைமேனி வேர் செய்கிறது. அந்த வேரிலிருந்து ஐசோடைஹைட்ரோநெபடலாக்டோன் என்ற வேதிப்பொருளைப் பிரித்திருக்கிறார்கள். பூனைப்புதினாவில் இருக்கும் நெபடலாக்டோனுக்கு நெருங்கிய சொந்தம். இந்தப் புரளலுக்கு வெறும் போதை காரணமல்ல என்று ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியாசாகி குழுவினர் 2021-ல் காட்டினார்கள். இவ்வகைப் பொருள்கள் உரோமத்தில் படிந்த பூனையைக் கொசு குறைவாகவே அண்டுகிறது. குப்பைமேனியைக் களையெடுத்துப் பாத்தி ஓரத்திலேயே குவித்துவைப்பவர், பூனைக்குக் கொசுவிரட்டி விளம்பிவிட்டுப் படுக்கப் போகிறார்.

மூக்கு வழியில் தோற்றவர்கள் அடுத்துப் போகும் இடம்தான் கவலைக்குரியது: ஃபினாயில், பாச்சை உருண்டை. ஃபினாயிலில் இருப்பதுபோன்ற ஃபீனால் வகைப் பொருள் நம் உடலில் புகுந்தால் கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டவைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த குலத்துக்குத் தாவர நஞ்சுகளை முறிக்க வேண்டிய தேவை இல்லாமல்போனதால் அது பழுதாகியும் குடி கெடவில்லை. மனிதர் கண்டுபிடித்த வேதிப்பொருள்கள் வந்த பிறகே கெட்டது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானதற்கும் காரணம் இதுதான். ஃபினாயில் தெளித்த இடத்தை மிதித்த பூனை அங்கேயே விழாது. வீட்டுக்குப் போய் உள்ளங்காலை நக்கும். பாச்சை உருண்டையின் நாப்தலினோ இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது. பூனையோடு நிற்காது, மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் குழந்தைக்கும் அதே கதிதான். விலங்குக்கு நஞ்சு வைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஃபினாயில் ஊற்றுகிறவர் யாரும் தாம் நஞ்சு வைப்பதாக நினைப்பதில்லை என்பதால்தான் இவ்வளவும் சொன்னது.

காது வழியாக விரட்டும் கருவிகள் இப்போது இணையக் கடைகளில் மலிந்துவிட்டன. இதில் அறிவியல் கொஞ்சம் இருக்கிறது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி கேட்காது. பூனைக்கு ஒலி போதிய உரமாக இருந்தால் 85 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது என்று 1985-ல் ஹெஃப்னர் தம்பதியர் அளந்தார்கள். சுண்டெலிக் குஞ்சுகள் எழுப்பும் மீயொலிக் கீச்சுகளைக் கேட்டுப் பிடிக்க வேண்டிய வேட்டைக்காரனுக்கு அந்தக் காது தேவை. விரட்டும் கருவி பூனையின் அசைவை உணர்ந்ததும் இந்த மீயொலியை வீசுகிறது. பிரிட்டனில் 2006-ல் வெளியான கள ஆய்வில், கருவி வைத்த தோட்டங்களில் பூனை நுழைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2018-ல் வெளியான இன்னொன்றில் வருகை ஏறக்குறையப் பாதியானது. உள்ளே தங்கும் நேரம் முக்கால் பங்கு குறைந்தது. ஆக, கருவி முழுப் பொய்யும் அல்ல, விளம்பரம் சொல்வதுபோல் முழு வெற்றியும் அல்ல. ஒலியின் இயல்பும் ஒரு தடை. 25 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. தவில் ஓசை சுவரைச் சுற்றி வளைந்து தெருமுனைவரை வருகிறது. இந்தக் குட்டி அலைகளை ஒரு தொட்டியும் நாலு வாழையிலையும் மறித்துவிடும். கருவிக்கு நேர் எதிரே வருகிற பூனைதான் கேட்கும். இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனை என்றால், அவற்றில் பெரும்பாலானவை பிறவியிலேயே செவிடு. அதற்கு எந்தக் கருவி வைத்தும் பயனில்லை.

கருவி ஓரளவாவது வேலை செய்வதற்கும், பழைய சி.டி., காற்றாடி, திருஷ்டிப் பொம்மை எல்லாம் சில நாளில் தோற்றுப்போவதற்கும் காரணம் ஒன்றே. ஒரு தூண்டலால் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை என்றால் நரம்பு மண்டலம் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திக்கொள்கிறது. பழகிப்போதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இது, மூளையே இல்லை என்று சொல்லத்தக்க உயிர்களிடமும் உண்டு. எரிக் கேண்டல் அப்லீசியா என்ற கடல் நத்தையை எடுத்துக்கொண்டு, அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளைச் சுருக்கிக்கொள்வதையும், திரும்பத் திரும்பத் தொட்டால் சுருக்கம் குறைந்துகொண்டே வருவதையும் ஆராய்ந்தார். தொடுதலை உணரும் நரம்பணு, தசையை இயக்கும் நரம்பணுவிடம் வெளியிடும் வேதித்தூதின் அளவு ஒவ்வொரு முறையும் குறைகிறது. அவருக்கு 2000-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளின் தொடக்கம் அதுதான். தூண்டல் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் பழகிப்போகும். நடுவே ஓய்வு விட்டால் பழைய பயம் ஓரளவு திரும்பிவரும். வலுவான தூண்டலுக்குப் பழகுவது மெதுவாக நடக்கும். இந்த விதிகளை 1966-லேயே தாம்ப்சனும் ஸ்பென்சரும் தொகுத்துவிட்டார்கள்.

தோட்டக்காரருக்கு இவை போதும். நாள் முழுக்கத் தொங்கி மின்னும் சி.டி. மோசமான விரட்டி. பூனை வரும்போது மட்டும், எதிர்பாராமல், உண்மையான தொந்தரவோடு வருவது நல்ல விரட்டி. அதனால்தான் அசைவை உணர்ந்து சட்டென்று தண்ணீர் பீய்ச்சும் கருவி மற்றவற்றைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுவதை இந்தக் கணக்கில் சேர்ப்பதா? தெருநாய் வராது என்று நம் ஊர்களில் பல தெருக்களில் வரிசையாகத் தொங்குகிறது. ஜப்பானிலும் பூனைக்காகத் தண்ணீர் பாட்டில்களை வீட்டைச் சுற்றி அடுக்கும் வழக்கம் உண்டு. நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும். தெரிவது வேறு, பயப்படுவது வேறு. புதுப்பொருள் என்று நாலு நாள் ஒதுங்கிப்போகும் நாய் ஐந்தாம் நாள் அதே பாட்டில்மேல் காலைத் தூக்கும்.

கண் வழியான பயத்தில் ஒன்று மட்டும் ஆழமாக வேர்விட்டது. தென்னிந்தியக் காடுகளில் நாட்டுக் குரங்குகளுக்குச் சிறுத்தை பொம்மைகளைக் காட்டி ரிச்சர்ட் காஸும் உமா ராமகிருஷ்ணனும் சோதித்தார்கள். புள்ளிச் சிறுத்தையைக் கண்டதும் குரங்குகள் தெறித்து ஓடின; கருஞ்சிறுத்தை பொம்மைக்கு அந்த வேகம் இல்லை. புள்ளிகளின் அந்த வடிவமே அவற்றுக்கு எச்சரிக்கை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 2019-ல் விவசாயி ஒருவர் தம் நாய்க்குத் தலைச்சாயத்தால் புலிக்கோடு தீட்டித் தோட்டத்தில் உலவவிட்டது செய்தித்தாள்களில் வந்தது. சிரிப்பு வந்தாலும், அந்த மனிதர் சரியான திசையில்தான் யோசித்திருக்கிறார்: அசையாத பொம்மைக்குப் பழகிய குரங்குகள், இடம் மாறிக்கொண்டே இருக்கும் புலிக்கோட்டுக்குப் பழக அதிக நாள் எடுக்கும். காட்டில் குரங்கு சிறுத்தையை எப்போதோ ஒருமுறைதான் பார்க்கிறது, அப்படிப் பார்க்கும் நாளில் கூட்டத்தில் ஒன்று போகலாம். தோட்டத்துப் பொம்மைச் சிறுத்தை தினமும் தெரிகிறது, எவரையும் பிடிப்பதில்லை. எத்தனை ஆழமான பயமானாலும் இந்தக் கணக்கில் கரைந்துவிடும்.

ஆகவே பயத்தை விட்டுவிட்டு மண்ணுக்கு வருவோம். பூனை தேடிவந்த வசதியைக் கெடுத்தால் போதும், அதைப் பயமுறுத்தவே வேண்டாம். விதைத்ததும் மண்ணின்மேல் கோழிவலையைப் படுக்கவைத்து, ஓரங்களைக் கம்பியால் குத்தி இறக்கிவிடலாம். நாற்று வலைக்கண் வழியே மேலே வந்துவிடும். பூனையால் வார முடியாது. வலை இல்லாவிட்டால் உடைத்த தேங்காய்ச் சிரட்டை, கூழாங்கல், கவாத்து செய்த எலுமிச்சைக் குச்சி எதுவானாலும் சரி; பாதம் வைக்க உள்ளங்கை அகலம்கூட இடம் கிடைக்காதபடி நெருக்கமாகப் பரப்ப வேண்டும் என்பதுதான் முக்கியம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குச்சி நட்டுவைத்தால் பூனை நடுவில் சாவகாசமாக உட்காரும். மாலையில் தண்ணீர் ஊற்றுவதும் உதவும்: பூனை பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில் நடமாடுகிறது, அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் வேறிடம் பார்க்கும். தரிசாகத் திறந்து கிடக்கும் தொட்டியே இல்லாமல், ஒன்று அறுவடையானால் அடுத்த நாளே வெந்தயமோ தட்டைப்பயறோ தூவி மூடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை எழுவதே குறைவு. உள்ளங்காலில் கல் குத்துவது பொய்ப் பயமல்ல. எத்தனை இரவு வந்தாலும் குத்திக்கொண்டுதான் இருக்கும், அதனால் பழகிப்போகவும் செய்யாது.

அணிலுக்கு இது பொருந்தாது. அது மண்ணைத் தேடி வருவதில்லை. மாதுளையையும் கொய்யாவையும் தேடி வருகிறது. அங்கே மிளகாய் வேலை செய்யும், ஆனால் பாதிப் பேரிடம்தான். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், பாலூட்டிகளின் நரம்பில் சூட்டை உணரும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வாய் எரிவதாக மூளையை ஏமாற்றுகிறது. அந்தப் புரதத்தை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் அதே புரதம் உண்டு. ஆனால் கேப்சைசின் அதில் ஒட்டுவதில்லை. கிளிக்கும் மைனாவுக்கும் மிளகாய் வெறும் சிவப்புப் பழம். மிளகாய்ச் செடிக்கு அதில் இலாபம்: எலி தின்றால் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவை தின்றால் முழுசாக எங்கோ எச்சமிடும். அமெரிக்காவில் பறவைத் தீனியில் மிளகாய்த்தூள் கலந்து அணிலை மட்டும் ஒதுக்குவது இந்த நுட்பத்தால்தான். நம் தோட்டத்தில் பழத்தின்மேல் இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் தெளித்தால் அணில் தயங்கும். மயிலும் கிளியும் நன்றி சொல்லித் தின்னும். அடுத்த மழை வரைக்கும்தான் அதுவும். பூனைக்காகத் தரையில் மிளகாய்த்தூள் தூவுவதை நான் ஏற்கமாட்டேன். காலில் ஒட்டிய தூள் நாக்குக்கும், முகம் துடைக்கும்போது கண்ணுக்கும் போகும். அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று பூனைக்குப் புரியக்கூடப் போவதில்லை. கனி திரளும்போதே துணிப்பையோ வலைப்பையோ கட்டிவிடுவது அணில், கிளி, பழ ஈ மூன்றுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம். மயிலுக்கு மேலே வலைதான். தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, ஆகவே கல் எறிவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

பெருச்சாளிக்காகத்தான் பூனையைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சி நிலையத்தில் எலிகளையும் பூனைகளையும் 79 நாள் கேமராவில் கண்காணித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. எலிகள் பூனை வந்த நாளில் பதுங்கிக்கொண்டன, அவ்வளவே. சுண்டெலி, ஓணான், குருவி என்று எளிய இரை கிடைக்கும்போது கடித்தால் திருப்பிக் கடிக்கும் பெரிய எலியோடு மல்லுக்கு நிற்பதைப் பூனை விரும்புவதில்லை. நம் பெருச்சாளி அந்த எலியையும்விடப் பெரியது. அதைப் பிடிக்கும் உண்மையான வேட்டைக்காரன் சாரைப்பாம்பு. தோட்டத்தைச் சுற்றி மெல்லிய நைலான் வலையைத் தரையில் புரளும்படி கட்டினால் முதலில் சிக்கிச் சாவது அதுதான். வலை கட்டுவதானால் விறைப்பான கம்பிவலையைக் கட்டி, அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் புதைத்து, வெளிப்புறமாக மடக்கிவிடுங்கள். வேலியோரம் தோண்டும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும்.

எல்லாம் தோற்றபின் கோணிப்பை வருகிறது. பூனையைப் பிடித்துக் கட்டி, ஊருக்கு வெளியே மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது. அது திரும்பிவந்த கதை இல்லாத தெரு இருக்காது. அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரான்சிஸ் ஹெரிக் 1922-ல் வெளியிட்ட சோதனையில், குட்டிகளை வீட்டில் வைத்துவிட்டுத் தாய்ப்பூனையை மட்டும் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். அது வீடு வந்து சேர்ந்தது. வராவிட்டாலும் நிம்மதி இல்லை. ஜெர்மானிய விலங்கியலாளர் பால் லேஹவுசன் கவனித்தபடி, பூனைகள் ஒரே பாதையை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன: ஒன்று காலையில், இன்னொன்று பின்னிரவில். ஒன்றை அகற்றினால் அதன் முறைக்கு அடுத்தது வரும். டாஸ்மேனியாவின் தென்பகுதிக் காடுகளில் சில இடங்களில் காட்டுத்தனமாகத் திரிந்த பூனைகளை அவ்வப்போது கொன்று குறைத்துப் பார்த்தபோது, கேமராவில் பதிவான பூனைகளின் எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை. ஆதிக்கம் செலுத்திய பூனை போனதும் சுற்றுவட்டாரத்தில் ஒதுங்கியிருந்தவை உள்ளே வந்துவிட்டன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அதனால் தெரிந்த பூனையே மேல். அதுவும் கருத்தடை செய்த பூனை. ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் நிறைய இருக்கும். அது நேரம் ஆக ஆகச் சிதைந்துதான் அந்தத் தாங்க முடியாத நெடி எழுகிறது. (இதைத் துப்புத்துலக்கியதிலும் முன்சொன்ன மியாசாகிக்குப் பங்கு உண்டு.) விதை நீக்கம் செய்தால் ஃபெலினைன் சரிகிறது, வால் தூக்கிச் சுவரில் பீய்ச்சும் வழக்கத்தையும் பெரும்பாலான ஆண் பூனைகள் விட்டுவிடுகின்றன. "அக்கா, உங்க பூனை எங்க வீட்டு மாடியில…" என்று தொடங்கும் பேச்சு சண்டையில் முடியாமல் கால்நடை மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோ செலவைப் பாதி பாதி பிரிப்பதில் முடிந்தால், இரண்டு மாடிக்கும் அது இலாபம்.

ஒதுக்குவதோடு, வேறிடமும் காட்டிவிட வேண்டும். மாடியின் ஆளரவமில்லாத மூலையில், மழை படாத நிழலில், ஓர் அகலமான பழைய தொட்டியில் காய்ந்த மணலையோ அந்த நார்க்கழிவையோ அரையடி உயரத்துக்கு நிரப்பிவைக்கலாம். மற்றத் தொட்டிகளை வலையும் கல்லும் மூடியிருக்கும்போது, திறந்திருக்கும் இதற்குப் பூனை தானாக வந்து சேரும். பிறகு அதைத் தினமும் அள்ள வேண்டும், தவணை சொல்லக் கூடாது. பூனையின் குடலில் மட்டுமே பால்வழி இனப்பெருக்கம் செய்து முடிக்கும் டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, மலத்தோடு முட்டை போன்ற உறைகளாக வெளிவருகிறது. வந்த உடனே அவை தொற்றுவதில்லை. முதிர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். முதிர்ந்துவிட்டால் ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். முதன்முறையாக ஒரு பூனைக்குத் தொற்றும்போதுதான், அதுவும் ஒன்றிரண்டு வாரம் மட்டுமே, அது இந்த உறைகளைக் கொட்டுகிறது. ஆகையால் எல்லாப் பூனை மலமும் ஆபத்தல்ல. எது ஆபத்து என்று பார்வையால் சொல்ல முடியாது என்பதால், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் கையுறை போட்டு அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவது நல்லது, மக்கும் குழியில் போடக் கூடாது. கருவுற்ற பெண்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடட்டும். மண் கிளறும்போதும் அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். பூனை தோண்டிய பாத்தியில் பறித்த கீரையை மூன்று தண்ணீர் விட்டு அலசிச் சமைத்தே தின்ன வேண்டும், பச்சையாகக் கூடாது.